வத்தளையில் கடல்நீரில் விட்ட ட்ரவுட் குஞ்சுகள் செத்தது ஏன்?

நுவரெலியாக் குஞ்சுகளைக் கடல்நீர்த் தாங்கியில் விட்டீர்கள், இரண்டே நாளில் எல்லாம் மிதந்தன, உப்புத்தானே காரணம் என்று கேட்டிருக்கிறீர்கள். உப்பும் காரணம்தான், ஆனால் முதல் எதிரி சூடு. குளிர்நீர் மீனான வானவில் ட்ரவுட்டுக்கு 10 முதல் 16 பாகை செல்சியஸ் வரை நல்லது. 25ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. கொழும்புக் கடல்நீர் 27க்குக் கீழே இறங்குவதே குறைவு. சூடும் உப்பும் கூடக்கூட நீரில் கரையும் ஒட்சிசன் குறையும், மீனுக்கோ அப்போதுதான் அது கூடுதலாக வேண்டும்.

உப்பைப் பொறுத்தவரை, கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. மீனின் இரத்தத்தில் 10 கிராம் அளவே. உடம்பு நீரை இழக்கும், மீன் கடல்நீரைக் குடித்து ஈடுசெய்யும், மிஞ்சிய உப்பைச் செவுள் வெளியேற்ற வேண்டும். சின்னக் குஞ்சின் செவுளுக்கு அந்தத் திறன் போதாது. நோர்வேயில் கடல் கூடுகளில் வளர்க்கிறார்களே என்றால், அங்கே கடல் குளிர், மீனையும் நன்னீரில் வளர்த்துப் பெரிதாக்கிய பிறகே மாற்றுகிறார்கள். அப்படியும் மீனின் தோலில் ஒட்டி வாழும் ஒட்டுண்ணியான கடல் பேன் தொல்லை தீர்ந்தபாடில்லை.

குளிரூட்டி வைத்தால் மின்கட்டணமே உங்களைத் தின்றுவிடும். கடல்நீர்தான் வேண்டுமென்றால் கொடுவா வளருங்கள், அது இந்தச் சூட்டுக்குப் பழகிய மீன். குஞ்சு எங்கே கிடைக்கும் என்று நக்டாவில் (மீன் வளர்ப்பைக் கவனிக்கும் அரச அதிகாரசபை, NAQDA) கேட்டுப் பாருங்கள்.