தம்பி, அந்த ஒப்பந்தத்துல இப்போ கையெழுத்துப் போடாதீங்க

திருமங்கலம், பிளஸ் டூ, வயசு 17, போன்ல ஆடுற பிஜிஎம்ஐ-ங்கிற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுறீங்க. ஒரு டீம் மூணு வருஷ ஒப்பந்தம் அனுப்பி, கூடவே 5000 ரூபாய் டெபாசிட்டும் கேக்குதுன்னு எழுதியிருக்கீங்க. அந்தப் பணத்தைக் கட்டவே கட்டாதீங்க. டீம்தான் ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்கணும்.

1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி 18 முடியாதவர் போடுற ஒப்பந்தம் செல்லாது. அதனால அப்பா கையெழுத்தைக் கேப்பாங்க. படிக்காம அவர் போட்டுட்டா பொறுப்பு அவர் தலையில விழலாம்.

பரிசுப் பணம் எப்படிப் பிரியும், எப்போ கைக்கு வரும், போன் யாருது, வேற டீம் கூப்பிட்டா விடுவிக்க எவ்வளவு கேப்பாங்கன்னு பாருங்க. இந்தக் கடைசி விஷயம்தான் ரொம்ப முக்கியம். மூணு வருஷம் பெஞ்சுல உட்கார வச்சு, வெளியவும் விடலைன்னா ஆடுற வயசே போயிடும். கேமே நின்னுபோனா சம்பளம் உண்டான்னும் கேளுங்க. பிஜிஎம்ஐ 2022 ஜூலைல ஆப் ஸ்டோர்ல இருந்து காணாமப் போய், 2023 மே மாசம்தான் திரும்பி வந்துச்சு.

மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்துல சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. அந்தத் தாளோட அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க.

அப்பா இதைச் சூதாட்டம்னு திட்டுறதா சொன்னீங்க. ஹாங்சோ ஆசிய விளையாட்டுல இ-ஸ்போர்ட்ஸுக்கு, அதாவது வீடியோ கேம் போட்டிக்கு, பதக்கமே கொடுத்தாங்கன்னு பொறுமையா சொல்லுங்க. பரீட்சை முடியற வரைக்கும் அவகாசம் வேணும்னு டீமுக்கு இன்னிக்கே மெயில் போடுங்க. பதில் வந்ததும் இங்க எழுதுங்க, சேர்ந்து பார்ப்போம்.