300 வெள்ளிக் கைப்பேசி யார் கைக்கு?

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட்டில் பட்டணத்தைத் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். கணவர் குலை வெட்டுகிறார். அவருடைய கைப்பேசி போன மாத மழையில் நனைந்து செத்துவிட்டது. மகள் நான்காம் படிவம். பாடத்துக்குத் தனியாக ஒன்று வேண்டும் என்கிறாள். பட்டணத்துக் கடையில் 299 வெள்ளிக்கும் (ரிங்கிட்) 399 வெள்ளிக்கும் புதிய கைப்பேசிகள் இருக்கின்றன. என் கொழுந்தனார், "அதெல்லாம் ஆறு மாதத்தில் குப்பைக்குப் போகும்" என்கிறார். கையில் சீட்டுப் பணம் 800 வெள்ளி இருக்கிறது. மலிவாக இரண்டு வாங்குவதா, நல்லதாக ஒன்று வாங்கி இருவரும் வைத்துக்கொள்வதா? என் கைப்பேசி 2020-இல் 1,200 வெள்ளிக்கு வாங்கியது. சார்ஜ் அரை நாள்கூட நிற்பதில்லை, மற்றபடி குறையில்லை. வங்கி வேலையெல்லாம் அதில்தான் பார்க்கிறேன்.

பதில்: உங்கள் கொழுந்தனார் சொல்வது பாதி உண்மை. பழுதுபார்க்கும் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். ஆறு மாதத்தில் படுத்துவிட்ட 299 வெள்ளிக் கைப்பேசியும் வந்திருக்கிறது. அதே மாடல், ஐந்தாம் ஆண்டில், உடம்பெல்லாம் கீறலோடு ஓடிக்கொண்டிருப்பதும் வந்திருக்கிறது. வைத்திருந்தவர் அதனிடம் என்ன வேலை கேட்டார் என்பதில்தான் வித்தியாசம். ஆகவே மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொல்கிறேன். ஆம், மூன்று பேர். நீங்கள் உங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. இந்த 800 வெள்ளியில் முதலில் கவனிக்க வேண்டியதே உங்கள் கைப்பேசிதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கணவருக்கு 299 வெள்ளிக் கைப்பேசியை வாங்கிக் கொடுங்கள். மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் இப்போது 1,700 வெள்ளி. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி சொச்சம். 299 வெள்ளி ஏறக்குறைய ஐந்து நாள் வெட்டு. 1,200 வெள்ளிக் கைப்பேசி பதினெட்டு நாள். குலை விழும்போது சட்டைப்பையிலிருந்து நழுவிக் கால்வாயில் போனால் எதைத் தாங்கிக்கொள்ள முடியும்? மலிவுக் கைப்பேசியின் முதல் வசதி அதை இழக்கப் பயப்பட வேண்டியதில்லை என்பது. விலை உயர்ந்ததை வாங்கிக் கொடுத்தீர்களானால் அவர் அதை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போவார்.

இன்னும் சில நல்ல குணங்கள் உண்டு, கடைக்காரர் சொல்ல மாட்டார். இந்த விலைக் கைப்பேசிகளில் திரையின் கூர்மை குறைவு, உள்ளே இருக்கும் சில்லும் சாதுவானது; இரண்டும் மின்சாரத்தைக் குறைவாகவே குடிக்கும். பேட்டரி மட்டும் பெரிய கைப்பேசிகளைப் போல 5,000 எம்ஏஎச் இருக்கும். பேச்சு, புலனம், கொஞ்சம் யூடியூப் என்றால் இரண்டு நாள் நிற்கும். (வாட்ஸ்அப்பைப் புலனம் என்று எழுதுவது இங்கே பழகிவிட்டது, எனக்கும் பிடித்த சொல்.) சார்ஜ் ஏற மூன்று மணி நேரம் ஆகும், ஆனால் இரவில் போட்டுவிட்டுத் தூங்குகிறவருக்கு அது குறையே அல்ல. காதொலிக் கம்பி செருகும் துளை, மெமரி கார்டு போடும் இடம், எஃப்எம் வானொலி ஆகிய மூன்றையும் பெரும்பாலான விலை உயர்ந்த கைப்பேசிகள் கைவிட்டுவிட்டன. மலிவானவை பலவற்றில் இன்னும் இருக்கின்றன. கம்பியைச் செருகினால் அதுவே ஏரியல். டேட்டா எட்டாத பிளாக்கிலும் அலை எட்டினால் மின்னல் எஃப்எம் கேட்கலாம். இரண்டு சிம் போடலாம் என்பதைத் தோட்டத்து ஆளிடம் நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு பிளாக்கில் ஒரு நிறுவனத்தின் கோடு தெரியும், அடுத்த பிளாக்கில் இன்னொன்று.

அவர் அறிந்திருக்க வேண்டிய குறைகள்: தண்ணீர் ஆகாது, ஈரக் கையில் திரை அடம்பிடிக்கும், வெட்ட வெயிலில் எழுத்து தெரியாது. திரை உடைந்தால் மாற்றும் செலவு கைப்பேசி விலையில் பாதியைத் தொட்டுவிடும். பெயர் கேள்விப்படாத பிராண்டாக இருந்தால் உதிரிப் பாகமே வராது. அதனால் மலிவு வாங்குங்கள், ஊர் அறிந்த பிராண்டில் வாங்குங்கள். பெட்டியில் 'கோ எடிஷன்' என்று இருந்தாலும் முகம் சுளிக்க வேண்டாம். குறைந்த நினைவகம் உள்ள கைப்பேசிகளுக்காக கூகுள் 2017-இல் கொண்டுவந்த இலகுவான ஆண்ட்ராய்டு அது. அவர் வேலைக்கு அது போதும்.

இனி, விலை எங்கே குறைந்தது என்று பார்ப்போம். திரை, பேட்டரி, பின்மூடியின் பளபளப்பு ஆகியவை கண்ணுக்குத் தெரிகிறவை. நிறுவனங்கள் அவற்றில் கை வைக்கத் தயங்கும். கண்ணுக்குத் தெரியாத சேமிப்பகத்தில் கை வைப்பார்கள். 128 ஜிபி என்று இரண்டு பெட்டியிலும் எழுதியிருந்தாலும், மலிவானதில் பெரும்பாலும் இஎம்எம்சி என்ற பழைய வகை, அடுத்த படியில் யுஎஃப்எஸ். இஎம்எம்சி ஒரு நேரத்தில் எழுதும் அல்லது படிக்கும், தோட்டத்துப் பாலத்தில் ஒரு லாரி கடக்கும்வரை மற்றது நிற்பதைப் போல. யுஎஃப்எஸ் இரண்டையும் சேர்த்துச் செய்யும். தோட்டத்துப் பாலத்தில் ஒரு லாரி கடக்கும்வரை மற்றது நிற்பதைப் போல.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. இந்தச் சேமிப்பகச் சில்லுகளில் பழைய எழுத்தின் மேல் புதியதை நேரடியாக எழுத முடியாது. ஒரு பகுதியை முழுதாக அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். காலி இடம் இருக்கும்வரை அழிக்கும் வேலை பின்னால் சத்தமில்லாமல் நடக்கும். இடம் நிரம்பிவிட்டால் ஒவ்வொரு படமும் வந்து இறங்கும்போது உள்ளே இருப்பதை இடம் மாற்றி, அழித்து, பிறகு எழுத வேண்டியிருக்கும். கோயில் குழு, சீட்டுக் குழு, சொந்தக்காரர் குழு என்று நாலு குழுவிலிருந்து காலை வணக்கப் படங்கள் தினமும் இறங்கினால், ஆறு மாதத்தில் கைப்பேசி தவழும். உங்கள் கொழுந்தனார் பார்த்த குப்பை பெரும்பாலும் இப்படி உண்டானதுதான். புலனத்தில் படங்கள் தாமாக இறங்குவதை நிறுத்திவிட்டு, மொத்த இடத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக வைத்துக்கொண்டால் அதே கைப்பேசி நடக்கும். ஓடாது, நடக்கும்.

பெட்டியில் உள்ள மற்ற எண்களை நம்பிவிடாதீர்கள். "4+8 ஜிபி ராம்" என்று இருந்தால் உண்மையான ராம், அதாவது செயலிகள் ஓடும்போது பயன்படும் வேக நினைவகம், 4 மட்டுமே. அந்த 8, மெதுவான சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியது. "50 மெகாபிக்சல்" என்பதும் அப்படித்தான். படம் நன்றாக வருவது ஒளியை வாங்கும் சென்சார் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. அதை யாரும் பெட்டியில் அச்சடிப்பதில்லை. பகலில் படம் நன்றாகவே விழும். இரவு திருவிழாவில் எடுத்தால் சாமி எது, கூட்டம் எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்போது உங்களிடம் வருகிறேன். 2020-இல் வாங்கிய கைப்பேசிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு பெரும்பாலும் நின்றுபோயிருக்கும். அமைப்புகளில் 'பாதுகாப்புப் புதுப்பிப்பு' என்ற இடத்தில் கடைசித் தேதியைப் பாருங்கள். ஓராண்டுக்கு மேல் பழையதாக இருந்தால் இனி வராது என்றே வையுங்கள். வங்கிகள் எஸ்எம்எஸ்-இல் ஒருமுறைக் கடவு எண் அனுப்புவதைக் கைவிட வேண்டும் என்று நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022-இல் அறிவித்தது. அதன் பிறகு கைப்பேசியே வங்கிச் சாவியாகிவிட்டது. ஒரு கணக்குக்கு ஒரே கைப்பேசிதான் அங்கீகாரம் தர முடியும். வீட்டுப் பணத்தின் சாவி, பூட்டுச் செய்தவரே கைவிட்ட கதவில் தொங்குகிறது. புலனம் இதில் தாராளமானது. 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4-ஐ 2025 ஜனவரியில்தான் கைவிட்டது. வங்கிச் செயலிகள் அவ்வளவு பொறுமை காட்டுவதில்லை. ஒருநாள் காலையில் உங்கள் கைப்பேசியில் திறக்க மறுக்கும்.

ஆகவே 399 வெள்ளிக் கைப்பேசி உங்களுக்கு. அதில் நீங்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு என்பது. அந்த ஆண்டுகள் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. "பழைய ஸ்டாக், விலை குறைத்துத் தருகிறேன்" என்று கடைக்காரர் சொன்னால், குறைத்தது ஆயுளையும் சேர்த்துத்தான். முன்பெல்லாம் மலிவு மாடலுக்கு இரண்டு ஆண்டு கிடைத்தாலே பெரிது. 2024-இல் வந்த சாம்சுங் ஏ16-க்கு அந்த நிறுவனம் 6 ஆண்டு என்று வாக்குக் கொடுத்தது. அதிலிருந்து கீழ்ப்படியிலும் இந்த எண் ஏறத் தொடங்கியிருக்கிறது. 4 ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் வங்கிக்கு வேண்டாம்.

புதுக் கைப்பேசி மட்டும் காப்பாற்றிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாண அழைப்பிதழ், வீடு துப்புரவுச் சேவை என்ற பெயரில் புலனத்தில் வரும் ஏபிகே என்ற செயலிக் கோப்பைத் திறந்து நிறுவினால், 5,000 வெள்ளிக் கைப்பேசியிலும் பணம் போய்விடும். அப்படி ஏதாவது நடந்தால் அக்கம்பக்கத்தில் யோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் 997-ஐ அழையுங்கள்.

மகளுக்கு உங்களுடைய பழைய கைப்பேசியைக் கொடுங்கள். முகம் கொஞ்சம் தொங்கும், தெரியும். ஆனால் 2020-இல் 1,200 வெள்ளி கொடுத்ததில் இருக்கும் சில்லும் சேமிப்பகமும் இன்றைய 399 வெள்ளிக் கைப்பேசியில் இருப்பதைவிடப் பெரும்பாலும் வேகமானவை. கல்வி அமைச்சின் பாடத் தளமான டெலிமாவைத் திறந்து, பாடக் காணொளி பார்த்துக்கொண்டே புலனத்துக்குப் போய்வந்தால், ராம் குறைந்த கைப்பேசி முந்தைய பக்கத்தை மூடிவிடும்; பாதி எழுதிய பதில் போய்விடும். அந்த எரிச்சல் அவளுக்கு வேண்டாம். அரை நாள் சார்ஜ் என்பது பேட்டரி கிழமானதன் அடையாளம். பேட்டரி மாற்ற நூறு வெள்ளியை ஒட்டி ஆகும். உங்கள் மாடலைச் சொல்லி விசாரியுங்கள். பின்மூடி உப்பியிருந்தால் மாற்றும்வரை சார்ஜே போடாதீர்கள். புதுப்பிப்பு நின்றுபோன கைப்பேசி என்பதால் அதில் வங்கியும் மின்பணப்பையும் கூடாது. பாடம், பாட்டு, படம் போதும்.

299, 399, பேட்டரிக்கு நூறு: 798 வெள்ளி. மீதி 2 வெள்ளிக்குப் பல கடைகளில் ஒரு தே தாரிக் தேநீர்கூட வராது, போகட்டும்.

கடையில் ஒன்றைக் கவனியுங்கள். அதே மாடலை 50 வெள்ளி குறைத்து "ஏபி செட்" என்று நீட்டுவார்கள். வெளிநாட்டுச் சந்தைக்குச் செய்ததைத் தனி வழியில் கொண்டுவந்தது அது. உத்தரவாதம் கடையோடு சரி, நிறுவனம் ஏற்காது. தோட்டத்து ஆளுக்கு அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 2021 இறுதியோடு நம் நாட்டில் 3ஜி மூடப்பட்டது. இப்போது 4ஜி-யிலேயே பேசும் வோல்டி வசதி உங்கள் நிறுவனத்தின் சிம்மில் வேலை செய்யாவிட்டால், பேசும்போது கைப்பேசி 2ஜி-க்கு இறங்கும், டேட்டா நின்றுவிடும். ஏபி செட்டுகளில் இது அடிக்கடி நடக்கும். வெகுதூரம் பாயும் தாழ்ந்த அலைவரிசைகளும் சிலவற்றில் இருக்காது. பட்டணத்தில் நன்றாகப் பேசிய கைப்பேசி, செம்பனை மட்டைக்குள் நுழைந்ததும் ஊமையாகிவிடும். சிரிம் தரச் சான்று ஒட்டு உள்ள, நிறுவன உத்தரவாதம் உள்ள செட்டையே கேளுங்கள். *#06# அழுத்தினால் வரும் எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் சிம்மைக் கடையிலேயே போட்டு ஒருவருக்குப் பேசிப் பாருங்கள். பேசும்போது மேலே 4ஜி என்ற எழுத்து மறையக் கூடாது.

ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பழுதான செட்டைக் கொடுத்துவிட்டுக் கடைக்காரர் கைவிரித்தால், பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி மனுப் போடலாம், வழக்கறிஞர் வேண்டாம். 299 வெள்ளிக்காக யார் போவது என்று கடைக்காரர்தான் நினைக்க வேண்டும், நீங்கள் நினைக்கக் கூடாது.

வாங்கி வந்த பிறகு வரிசை முக்கியம். முதலில் புதுக் கைப்பேசியில் வங்கிச் செயலியைப் போட்டுப் பதியுங்கள். பதிந்ததும் வங்கி ஒரு காத்திருப்பு நேரம் வைக்கும், பொதுவாக 12 மணி நேரம். அந்த நேரத்தில் பணம் அனுப்ப முடியாமல் போகலாம். சீட்டுக் கட்டும் நாளில் இதைத் தொடங்காதீர்கள். புதியதில் ஒரு சிறு தொகை அனுப்பிப் பார்த்து, புலனத்தையும் படங்களையும் மாற்றிக்கொண்டு, அதற்குப் பிறகு பழையதை முழுதாக அழித்து மகள் கையில் கொடுங்கள்.