ஜெபித்தும் உபவாசித்தும் நம்பர் எடுக்கிற பழக்கம் விடவில்லை. என்ன செய்வது?

கேட்டிருப்பவர் கோலாலம்பூரில் வேலை செய்யும் வாலிபர். ஞாயிறு ஆராதனையில் அழுது மனந்திரும்புகிறார், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கும் போகிறார். புதன்கிழமை சாயங்காலம் பார்த்தால் மறுபடி நம்பர் கடையில், அதாவது நாலு இலக்க எண்ணில் பணம் கட்டுகிற லாட்டரிக் கடையில், நிற்கிறார்.

ஜெபத்தைக் குறை சொல்ல மாட்டேன். அது வருகிற நேரம்தான் பிந்திப்போகிறது. குலுக்கல் புதன், சனி, ஞாயிறு, இரவு 7 மணிக்கு. ஆறரை மணிக்குக் கடை வாசலில் நின்றுகொண்டு "ஆண்டவரே, பெலன் தாரும்" என்று கேட்டால், கால் ஏற்கெனவே முடிவு எடுத்துவிட்டது. யாக்கோபு 1:14-15 இதை வரிசையாகவே சொல்கிறது: இச்சை இழுக்கிறது, கர்ப்பந்தரிக்கிறது, பிறகுதான் பாவம் பிறக்கிறது. இழுக்கிற இடம் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

அதற்கு ஒரு வாரமும் ஒரு துண்டுத் தாளும் போதும். ஆசை எழும்புகிற ஒவ்வொரு தடவையும் நாலு விஷயம் குறியுங்கள்: மணி, இடம், பக்கத்தில் யார், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. விழுந்த நாளை மட்டும் எழுதினால் பயனில்லை; ஆசை வந்து தானாகப் போன தடவையும் தாளில் இருக்க வேண்டும். ஆரம்பம் பெரும்பாலும் கடையில் இருக்காது. காலையில் யாரோ, இந்த நம்பரைப் போடலாம் என்று, விபத்தில் சிக்கிய காரின் எண்ணை வாட்சாப்பில் அனுப்பியிருப்பார். மாமாக் (தமிழ் முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் என்கிற ஆற்றிய பால் தேநீர் குடிக்கும்போது, கனவை நம்பராக்கிப் பார்க்க "நேத்து கனவுல என்னண்ணே வந்துச்சு?" என்று பேச்சு கிளம்பியிருக்கும். நீதிமொழிகள் 7-லும் பரஸ்திரீயிடம் விழுந்த வாலிபனின் கதை அவள் பேச்சில் தொடங்குவதில்லை. எந்தத் தெரு வழியாக, எந்த மாலைப்பொழுதில் நடந்தான் என்று 8, 9 வசனங்கள் முதலில் சொல்லிவிடுகின்றன.

தாள் நிரம்பியதும் வெட்ட வேண்டிய இடம் தெரியும். அந்த வாட்சாப் குரூப்பை மியூட் செய்வது போதாது, வெளியேறுங்கள். தசமபாகம், வாடகை, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் சம்பள நாளிலேயே தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். குலுக்கல் நாட்களில் பர்சில் சாப்பாட்டுக்கான 15 வெள்ளி (ரிங்கிட்), அவ்வளவுதான். கார்டு வீட்டில் இருக்கட்டும். ஸ்டேஷனிலிருந்து கடை வரிசையைத் தொடாத வழியில் நடங்கள், ஐந்து நிமிடம் கூடினாலும் பரவாயில்லை. இதெல்லாம் விசுவாசக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். யோசேப்பு போத்திபாரின் மனைவியோடு படுக்க மட்டுமல்ல, அவளுடனே "இருக்கவும்" சம்மதிக்கவில்லை என்று ஆதியாகமம் 39:10 சொல்வதை அவர்கள் படிக்க வேண்டும்.

வெட்டியதோடு நிறுத்துகிறவர்களுக்குத்தான் மத்தேயு 12:43-45. அசுத்த ஆவி விட்டுப்போன வீடு பெருக்கி, ஜோடித்து, வெறுமையாக இருந்தது. அந்த ஆவி இன்னும் ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. ஆக, ஐந்தரையிலிருந்து ஏழு வரை என்ன செய்வீர்கள் என்பது முந்தின இரவே முடிவாகியிருக்க வேண்டும். "நல்லதாக ஏதாவது" என்பது முடிவு ஆகாது. "புதன்கிழமை ரயிலை விட்டு இறங்கியதும் அம்மாவுக்குப் போன் போடுவேன், வீடு போய்ச் சேரும்வரை பேசுவேன்" என்பது முடிவு. நேரம், இடம், செயல் மூன்றும் அதில் இருக்கிறது.

வசனமும் அப்படித்தான். பத்து வசனம் வேண்டாம், இந்தச் சோதனைக்கென்று ஒன்று. வனாந்தரத்தில் இயேசு சொன்ன மூன்று பதில்களும் உபாகமம் 6, 8 அதிகாரங்களிலிருந்து, ஒவ்வொன்றும் அந்தந்தச் சோதனைக்கு நேர் பதில். நம்பருக்கு நீதிமொழிகள் 13:11 நன்றாகப் பொருந்தும்: "வீணாய்த் தேடின பொருள் குறைந்துபோம்." குறைவது எவ்வளவு என்று கணக்கும் போடலாம். நாலு இலக்க எண்கள் மொத்தம் 10,000. "பிக்" என்கிற பெரிய பந்தயத்தில் 1 வெள்ளிக்கு முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. பிறகு 180 வெள்ளியில் பத்து, 60 வெள்ளியில் பத்து. 10,000 எண்ணுக்கும் ஒவ்வொரு வெள்ளி போட்டால் திரும்புவது மொத்தம் 6,400. அதாவது போடுகிற ஒவ்வொரு வெள்ளிக்கும் சராசரியாகத் திரும்புவது 64 சென்.

உபவாசத்தை வெள்ளிக்கிழமையிலிருந்து புதன்கிழமைக்கு மாற்றலாமா? மாற்றலாம், ஆனால் மாலை 5 மணிக்கு முடித்துச் சாப்பிட்டுவிடுங்கள். பசியும் களைப்புமாகக் கடைப் பக்கம் போகிறவனுக்குத் தாங்குகிற சக்தி குறைவு. இயேசுவிடமும் சோதனைக்காரன் அவருக்குப் பசியுண்டான பிறகுதான் வந்தான்.

தினசரி ஜெபப் பழக்கத்தைச் சிறிதாகவே தொடங்குங்கள். கன்வென்ஷன் முடிந்த சூட்டில் "அதிகாலை 4 மணிக்கு ஒரு மணி நேரம்" என்று பொருத்தனை செய்தால், ஷிப்ட் வேலைக்காரருக்கு அது நிற்காது. காலைக் கோப்பி ஆறுவதற்குள் சங்கீதம் 119-ல் எட்டு வசனம். 22 பகுதிகள், 22 நாள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்த ஒரு ஆய்வில், புதுச் செயல் பழக்கமாகப் படிய நடுவாக 66 நாள் பிடித்தது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை. ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. இரவில், இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த முறையில் ஒரே ஒரு குற்றத்தை மட்டும் சோதியுங்கள்: நாளுக்கு இரண்டு கோடு, மதியம்வரை ஒன்று, இரவுவரை ஒன்று, விழுந்த தடவைக்கு ஒரு புள்ளி. நேற்றோடு இன்றை ஒப்பிட்டால் போதும்.

யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1738-ல் மெதடிஸ்ட் இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி சிறு குழுக்களுக்கு வகுத்த கேள்விகளில், செய்த பாவம் எது என்பதோடு, வந்த சோதனை எது, எப்படித் தப்பினாய் என்பதும் உண்டு. நம் சபைகளில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் சொந்தம், பேச்சு பரவும். அதனால் வாய் இறுக்கமான ஒரு மூத்த சகோதரர் போதும். விழுந்த பிறகு அறிக்கை செய்வதைவிட, "அண்ணே, ஆசையா இருக்கு" என்று மணி ஆறுக்கே அனுப்புகிற ஒரு வரிக்கு அதிக வேலை உண்டு.

விழுந்துவிட்டால் அன்றிரவே 1 யோவான் 1:9-ன்படி பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுங்கள். விட்ட காசைப் பிடிக்கப் போகிற சனிக்கிழமைதான் அதைவிட ஆபத்தானது.

கடன் ஏறியிருந்தால் இந்தப் பதில் மட்டும் போதாது. கிரெடிட் கார்டு, வங்கிக் கடன் என்றால் ஏகேபிகே (AKPK) என்கிற கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாக ஆலோசனை தருகிறது. ஆலோங்கிடம் (உரிமமில்லாத வட்டிக்காரரிடம்) வாங்கியிருந்தால் வீட்டில் இன்றைக்கே சொல்லுங்கள். அடைக்க இன்னொரு ஆலோங்கிடம் போகாதீர்கள்.