நடக்க முடியாத அம்மம்மாவோடு சுனாமிக்கு எப்படி ஆயத்தமாவது?

கேள்வி: எங்கள் வீடு கள்ளப்பாட்டில், கடலில் இருந்து நானூறு மீற்றர் வரும். கணவர் கடற்றொழில். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அம்மம்மாவுக்கு நடக்க ஏலாது. சுனாமிக்கென்று ஒரு பை கட்டி வைக்கலாம் என்று நினைக்கிறேன். அதற்குள் என்னென்ன இருக்க வேண்டும்?
- முல்லைத்தீவு வாசகி

பதில்: பைக்குப் பிறகு வருகிறேன். முதலில் அம்மம்மா.

அவவை யார் தூக்குவது, எதில் ஏற்றுவது என்று ஆளின் பெயர் சொல்லி இன்றைக்கே முடிவெடுங்கள். கணவர் கடலில் நிற்கிற நேரமாகவும் இருக்கலாம் என்பதால் அவரை நம்பித் திட்டம் போடாதீர்கள். மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்தி, பின்னால் ஒருவர் அணைத்துப் பிடித்துக்கொண்டு போகலாம். அல்லது பக்கத்து ஓட்டோக்காரரிடம் சொல்லி வையுங்கள். அவர் ஹயருக்குப் போய்விட்டால் யார் என்பதையும் யோசியுங்கள். கைபிடி வைத்த பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி இரண்டு பேர் தூக்கினால் படலை வரை சுலபமாகக் கொண்டுவரலாம். ஒருநாள் உண்மையாகவே தூக்கி ஏற்றி, மணிக்கூட்டைப் பாருங்கள். அம்மம்மா ஏசுவா, பரவாயில்லை.

எவ்வளவு நேரம் கிடைக்கும்? 2004 டிசம்பர் 26 காலை ஏழு மணிக்குச் சற்று முன் சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. அலை நம் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அன்று எச்சரிக்கை சொல்ல அமைப்பு இல்லை. இன்று வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை விடும். அனர்த்த முகாமைத்துவ நிலையம் அதைப் பொலிஸ், வானொலி மூலம் கரைக்குச் சேர்க்கும். சந்தேகம் வந்தால் 117க்கு அழைக்கலாம். ஆனால் போன் கிடைக்கும் வரை நிற்க வேண்டாம்.

ஒரு தப்பான நம்பிக்கையை இங்கே உடைக்க வேண்டும். 'கடல் உள்வாங்கினால்தான் சுனாமி வரும்' என்று பலர் இன்னமும் சொல்கிறார்கள். 2004இல் தாய்லாந்துப் பக்கம் கடல் முதலில் உள்வாங்கியது உண்மை. நம் கிழக்குக் கரைக்கோ முதலில் வந்ததே ஏறுகிற தண்ணீர்தான். கடல் வற்றினாலும் சரி, வழமைக்கு மாறாக ஏறினாலும் சரி, பெரிய இரைச்சல் கேட்டாலும் சரி, புறப்படுங்கள்.

உங்கள் பக்கத்தில் இருந்து கரையை விட்டு உள்ளே போக முள்ளியவளை வீதிதான். முள்ளிவாய்க்கால் பக்கம் இருப்பவர்கள் வட்டுவாகல் பாலத்தால் நகருக்கு வரப் பார்க்காமல் புதுக்குடியிருப்புப் பக்கம் போக வேண்டும். சந்திப்பதற்கு வற்றாப்பளை அம்மன் கோயில் என்று பிள்ளைகள் சொல்லக்கூடும். அது நந்திக்கடல் களப்பின் ஓரம்; முகத்துவாரத்தால் தண்ணீர் ஏறினால் அங்கும் பாதுகாப்பில்லை. முள்ளியவளையில் ஒரு சொந்தக்காரர் வீட்டைக் குறியுங்கள். பள்ளிக்கூடம் பிள்ளைகளை எங்கே கொண்டுபோகும் என்று அதிபரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். அந்த நேரத்தில் அவர்களைத் தேடிக் கரைப் பக்கம் ஓட வேண்டாம்.

கணவரிடம் சொல்ல வேண்டியது: தூரக் கடலில் நிற்கும்போது தகவல் வந்தால் கரைக்கு வரக்கூடாது. 100 மீற்றருக்கு மேல் ஆழம், அதாவது ஏறத்தாழ 55 பாகம், தேடிப் போக வேண்டும். கரையில் நின்றால் படகைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். எஞ்சினைக் கழற்றக்கூட நிற்கக்கூடாது. இதைச் சொன்னால் முகம் சுளிப்பார், அந்த எஞ்சினின் விலை அப்படி.

சரி, பை. வன்னிச் சனத்துக்கு மூட்டை கட்டச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் பயமே அதுதான். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, பாயும் சட்டிபானையுமாக எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போன பழக்கம் நமக்கு. சுனாமிக்கு அது உதவாது. ஒரு சிறிய தோள்பை போதும்: அம்மம்மாவின் பிரஷர் குளிசை, கண்ணாடி, ரோச் லைட், சின்ன ரேடியோ, ஒரு போத்தல் தண்ணீர், பொலித்தீனில் சுற்றிய அடையாள அட்டைப் பிரதிகள். காணி உறுதி, பிறப்புப் பத்திரம், அடகுச் சீட்டு ஆகியவற்றின் பிரதிகளை அந்த முள்ளியவளை வீட்டிலேயே கொடுத்து வையுங்கள். பை கைக்கு எட்டாவிட்டால் விட்டுவிட்டுப் போங்கள்.

அலை ஒன்றோடு முடியாது. மணித்தியாலக் கணக்கில் திரும்பத் திரும்ப வரும், முதலாவதே பெரியது என்றும் இல்லை. அதிகாரிகள் சொல்லும் வரை வீட்டைப் பார்க்கத் திரும்பாதீர்கள். 2012 ஏப்ரல் 11இல் எச்சரிக்கை வந்து, பெரிய அலை வராமல் அது விலக்கப்பட்டது. அதை வைத்து அடுத்த முறை சும்மா இருந்துவிடாதீர்கள்.

திரும்பி வந்தபின் பலர் கிணற்றில்தான் பிழை விடுகிறார்கள். உப்பேறிவிட்டது என்று வோட்டர் பம்ப் போட்டு அடிவரை இறைப்பார்கள். கரையோர மணலில் நன்னீர், உப்புத்தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. கடுமையாக இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே வரும், கிணற்றுக் கட்டும் இடியலாம். குப்பையை அள்ளி, வாளியால் அளவாக இறைத்து, மழைக்கு விடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்துச் சரி சொல்லும் வரை குடிக்க பவுசர் தண்ணீர்தான்.