மாத்திரை அட்டையை முதலில் அக்காவிடம் கொடுங்கள்

கேள்வி: வயது 24. தஞ்சாவூர்ப் பக்கம். தாத்தா லுத்தரன் சபையில் உபதேசியாராக இருந்தவர், அப்பா சபைக் கமிட்டியில் இருக்கிறார், நான் பாடகர் குழுவில் பாடுகிறேன். பத்தாம் வகுப்பிலிருந்தே எனக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு. யாரோடும் உறவு இருந்ததில்லை. போன வருடம் அம்மாவுக்குத் தெரிந்து ஒரு ஜெப வீட்டுக்கு அழைத்துப் போனார். பிசாசு என்று சொல்லி எண்ணெய் பூசினார்கள். 21 நாள் உபவாசம் இருந்தேன். மாறவில்லை. ஜிம் நண்பர் சொன்னதாலும் யூடியூப் பார்த்தும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறேன். படபடப்பு, கை நடுக்கம், முடி கொட்டுகிறது. எய்ட்ஸ் இருக்குமோ? சுய இன்பத்தால் வந்ததா? ஜனவரியில் கல்யாணம் பேசுகிறார்கள், செய்துகொண்டால் சரியாகிவிடுமா? கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரா? தூக்கத்துக்கு அல்பிரசோலம் போடுகிறேன். அதில் கொஞ்சம் மிச்சம் பிடித்து பைபிள் கவருக்குள் வைத்திருக்கிறேன், ஒரு நிம்மதிக்காக. திருச்சியில் இருக்கும் அக்காவுக்கு மட்டும் எல்லாம் தெரியும்.

மருத்துவர் பதில்:

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். அந்த பைபிள் கவரில் இருந்து தொடங்குவோம்.

போகிற போக்கில் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்குக் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். செத்துவிடலாம் என்ற எண்ணம், இவ்வளவு நெருக்கடியில் இருக்கும் பலருக்கும் வந்து போகும். ஆனால் மாத்திரையை மிச்சம் பிடித்து, யார் கண்ணிலும் படாத இடத்தில் வைத்து, அது இருப்பதே ஆறுதல் என்று ஒருவர் நினைக்க ஆரம்பித்துவிட்டால், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். இன்றைக்கே ஏதாவது செய்தாக வேண்டும்.

காரணம் இருக்கிறது. சாக வேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் நாள்கணக்கில் ஒரே உச்சத்தில் நிற்பதில்லை. வீட்டில் ஒரு சண்டை, யாரோ சொன்ன ஒரு சொல், தூங்காத ஓர் இரவு என்று ஏதோ ஒன்றில் உச்சத்துக்குப் போகும், பிறகு இறங்கும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார். இலங்கையில் 1995-லிருந்து கடும் விஷமுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். இருபது ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. அதில் பெரும்பகுதி போர் நடந்த காலம், மக்களின் துயரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருந்த விஷம் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

ஆகவே இதைப் படித்து முடித்ததும் அக்காவுக்கு போன் செய்யுங்கள். சுற்றி வளைக்காமல், "அக்கா, எனக்குச் செத்துவிடலாம் போல இருக்கிறது, மாத்திரை சேர்த்து வைத்திருக்கிறேன், நீ வந்து வாங்கிக்கொள்" என்று சொல்லுங்கள். இதே வார்த்தைகள். "மனசு சரியில்லை" என்று சொன்னால் அவர் "எல்லாம் சரியாகிவிடும்டா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அவர் வந்து சேரும்வரை தனியாக இருக்காதீர்கள். வந்ததும் எல்லா அட்டைகளும் அவர் கைக்குப் போக வேண்டும். அன்றைய இரவுக்கு உரியதை மட்டும் அவர் எடுத்துத் தரட்டும். நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிட வேண்டாம். அல்பிரசோலத்தைத் திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம். அளவைப் படிப்படியாகக் குறைப்பது மருத்துவர் வேலை. இந்த மாத்திரையைச் சீட்டில்லாமல் தரக் கூடாது என்று சட்டம் இருந்தும், உங்களுக்கு அட்டை அட்டையாக எடுத்துக் கொடுத்த மருந்துக் கடைக்காரரைப் பற்றி நான் நினைப்பதை இங்கே அச்சிட முடியாது.

அக்கா எடுக்காவிட்டால் 14416. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104-லும் பேசலாம். வேகம் அடங்கவில்லை என்றால் இரவு இரண்டு மணியானாலும் பக்கத்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள். வாயைத் திறந்தால் போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பலர் பயந்து வராமலே இருந்துவிடுகிறார்கள். இப்படி ஓர் எண்ணம் இருக்கிறது என்று மருத்துவரிடம் சொல்வது எந்தக் காலத்திலும் குற்றமில்லை. முயன்றவரையே கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம். உங்களுக்கு 24 வயது. ஆண்கள் மேல் ஈர்ப்பு என்பதை உங்கள் சம்மதமில்லாமல் அப்பா அம்மாவிடம் சொல்ல எந்த மருத்துவருக்கும் உரிமை இல்லை.

இனி மற்றவை.

எய்ட்ஸ் எங்கிருந்து வரும்? அது கிருமியால் வருவது, ஈர்ப்பால் வருவதில்லை. யாரோடும் உறவே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஊசியை மட்டும் யாருடனாவது பகிர்ந்துகொண்டிருந்தால் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சுய இன்பத்தால் ஈர்ப்பும் மாறாது, முடியும் கொட்டாது, நரம்பும் தளராது. இதைச் சொல்லியே லாட்ஜில் அறை எடுத்து லேகியம் விற்கிறவர்கள் நாலு தலைமுறையாகப் பிழைக்கிறார்கள், இப்போது யூடியூபிலும் வந்துவிட்டார்கள். முடி கொட்டுவதற்கு உபவாசம் ஒரு காரணமாக இருக்கலாம். உடம்பைப் பட்டினி போட்டால் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டும், ஒழுங்காகச் சாப்பிட்டால் மறுபடி வளரும். படபடப்பும் நடுக்கமும் பயத்தால் வரலாம், தூக்க மாத்திரையின் வேகம் இறங்கும்போதும் வரும். தைராய்டு பரிசோதனை ஒன்று செய்தால் போதும்.

அந்த ஊசியைத்தான் என்னால் எளிதாக விட முடியவில்லை. யார் தம்பி உங்களுக்கு இந்த யோசனை கொடுத்தது? ஆண் ஹார்மோன் போதாததால்தான் ஆண்களைப் பிடிக்கிறது என்றால், ஆண்களை விரும்பும் பல லட்சம் பேருக்கும் ஹார்மோன் குறைவாக இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. 1940-களிலேயே அமெரிக்காவில் சில மருத்துவர்கள் இதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆசை கூடியது, திசை மாறவில்லை. இங்கிலாந்தில் 1952-ல் கணித மேதை ஆலன் டூரிங்குக்கு நீதிமன்ற உத்தரவின் பேரில் பெண் ஹார்மோன் கொடுத்தார்கள். மார்பு வளர்ந்தது, அவ்வளவுதான். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் உள்ளே போனால் உங்கள் உடம்பு சொந்தமாகச் சுரப்பதை நிறுத்திவிடும், விந்தணு குறையும், விதை சுருங்கும், ரத்தம் கெட்டியாகும், எரிச்சலும் கோபமும் ஏறும். ஏற்கனவே தூங்காமல் தவிக்கும் ஒருவருக்கு இது தேவையா? அடுத்த ஊசி வேண்டாம்.

இது நோயா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், இந்த ஈர்ப்பை மாற்றிக் காட்டுகிறேன் என்று சிகிச்சை செய்வதைத் தடை செய்ய உத்தரவிட்டார். அந்த வழக்குக்காக அவரே ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார், அதைத் தீர்ப்பிலும் பதிவு செய்தார். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அப்படிப்பட்ட சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. ஆகவே ஒரு மருத்துவர் "ஆறு மாதத்தில் மாற்றிவிடலாம்" என்று சொன்னால் கட்டணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, கடவுள். நரகத்தைப் பற்றிப் பேச நான் படித்த படிப்பில் இடமில்லை, உங்கள் சபைக்கு வேதம் சொல்லித்தரவும் நான் வரவில்லை. ஆனால் பத்து வருடம் ஜெபித்தும் மாறாததால், ஜெபத்தில் குறை, விசுவாசத்தில் குறை, அதனால் கைவிடப்பட்டோம் என்று ஒரு கணக்குப் போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அந்தக் கணக்கு தப்பு. எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்று அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவ அமைப்பு 1976-லிருந்து இதே வேலையைச் செய்தது. ஜெபம், உபவாசம், ஆலோசனை, முகாம் என்று எதையும் விடவில்லை. 37 வருடம் கழித்து, 2013-ல் அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ், தங்களால் காயப்பட்டவர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு அமைப்பையே மூடினார். தாங்கள் பார்த்தவர்களில் கிட்டத்தட்ட ஒருவருக்கும் ஈர்ப்பு மாறவில்லை என்று அதற்கு முன்பே ஒப்புக்கொண்டும் இருந்தார். அத்தனை பேரும் அரைகுறையாகவா ஜெபித்தார்கள்?

இன்னொன்று, உங்கள் தாத்தா உபதேசியார் என்பதால் சொல்லத் தோன்றுகிறது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு முதல் பேராயர்களாக வந்தவர்கள் ஸ்வீடன்காரர்கள். அந்த ஸ்வீடன் திருச்சபையே 2009 முதல் ஒரே பாலினத் தம்பதியருக்குத் திருமணம் நடத்திவைக்கிறது. உங்கள் ஊர்ச் சபைப் போதகர் இதை ஏற்க மாட்டார் என்பது எனக்கும் தெரியும். கிறிஸ்தவர்கள் எல்லோருக்கும் இதில் ஒரே கருத்து இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஆண்டவரோடு உங்களுக்குள்ள வழக்கு இந்த வாரம் முடிய வேண்டியதில்லை, பல வருடம் நடக்கட்டும். இப்போது நீங்கள் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, மனச்சோர்வு பிடித்திருக்கிறது. மனச்சோர்வில் இருப்பவர் வேதத்தைத் திறந்தால் சபிக்கும் வசனங்கள்தான் கண்ணில் படும். பாடகர் குழு பிடித்திருந்தால் தொடருங்கள். ஜெப வீட்டுக்கு மட்டும் திரும்பப் போக வேண்டாம். விருப்பமில்லாத உங்களை அடைத்து வைத்தாலோ அடித்தாலோ அது குற்றம், பிசாசின் பெயரைச் சொல்லிச் செய்தாலும்.

கல்யாணம். வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. "கால்கட்டு போட்டால் சரியாகிவிடும்" என்று அனுப்பிவைக்கப்பட்டவர்கள் இரண்டு வருடம் கழித்து என் அறைக்கு வருகிறார்கள். மனைவியின் மடியில் குழந்தையின்மை மையத்தின் கனமான ஃபைல் இருக்கும். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, எல்லாம் அந்தப் பெண்ணுக்கு எடுத்தவை. தான் கறுப்பு என்பதாலா, குண்டு என்பதாலா என்று அவர் என்னிடம் கேட்பார், கணவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் துன்பத்துக்குள் இன்னொரு வீட்டுப் பிள்ளையை இழுக்க உங்களுக்கு மனம் வராது என்றுதான் நினைக்கிறேன். வீட்டில் உண்மையைச் சொல்லத் தெம்பில்லை என்றால் இப்போது சொல்ல வேண்டாம். "எனக்கு உடம்பு சரியில்லை, வைத்தியம் பார்க்கிறேன், ஒரு வருடம் பேச்சை நிறுத்துங்கள்" என்று சொல்லுங்கள். அதில் பொய்யும் இல்லை. அப்பாவிடம் அக்கா பேசட்டும்.

அம்மா கெட்டவர் இல்லை. பிள்ளை நரகத்துக்குப் போய்விடுவானோ என்று பயந்துபோயிருக்கிறார். உங்களுக்குச் சம்மதமானால், பிறகு எப்போதாவது அவரையும் மருத்துவரிடம் கூட்டி வாருங்கள். நான் பார்க்கும் அம்மாக்களிடம் ஒரே ஒரு ஆய்வைச் சொல்வேன். 2009-ல் அமெரிக்காவில் வெளியானது. இப்படிப்பட்ட பிள்ளைகளில், வளரும் வயதில் குடும்பம் கடுமையாக ஒதுக்கியவர்கள், ஒதுக்கப்படாதவர்களைக் காட்டிலும் எட்டு மடங்குக்கு மேல் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். உள்ளூரில் போதகர் என்ன சொன்னாலும், இதைக் கேட்டதும் பல அம்மாக்கள் அழுகையை நிறுத்திவிட்டு, "அவன் சாப்பிட்டானா?" என்று கேட்க ஆரம்பிக்கிறார்கள்.

அக்கா வந்ததும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரோடு போங்கள். புறநோயாளி சீட்டு போட்டால் போதும். போட்டுக்கொண்ட ஊசி மருந்தின் பெயர், அளவு, கடைசியாகப் போட்ட தேதி, இரவில் எத்தனை மில்லிகிராம் அல்பிரசோலம், எத்தனை மாதமாக என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஹீமோகுளோபின், கல்லீரல், தைராய்டு பார்ப்பார்கள். டெஸ்டோஸ்டிரோன் அளவை இப்போதே பார்க்கச் சொல்லி அடம்பிடிக்க வேண்டாம், போட்ட ஊசி உடம்பில் இருக்கும்வரை அந்த எண் எதையும் சொல்லாது.