விடிகாலை நாலு மணிக்கு 55 தடவை எழுத வேண்டாம்

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் இருக்கிறேன். மூன்று வயதில் ஒரு பையன். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். போன தடவை தேறவில்லை, கணக்கு என்றாலே பயம். வாட்ஸ்அப்பில் பார்த்து 4,999 ரூபாய் கட்டி ஒரு அஃபர்மேஷன் வகுப்பில் சேர்ந்தேன். ‘நான் அரசு வேலையில் சேர்ந்துவிட்டேன், நான் வெற்றியாளர்’ என்று விடிகாலை நாலு மணிக்கு 55 தடவை, 21 நாள் எழுதச் சொன்னார்கள். எழுத எழுத அழுகைதான் வருகிறது. ‘உங்கள் ஆழ்மனதில் தடை இருக்கிறது, அடுத்த வகுப்புக்கு 15,000 கட்டுங்கள்’ என்கிறார்கள். எங்கள் அத்தை தினமும் ஸ்ரீராமஜெயம் எழுதி நிம்மதியாக இருக்கிறார். என்னிடம்தான் குறையா?

பதில்: உங்களிடம் குறை எதுவும் இல்லை. அந்த 15,000-ஐக் கட்டாதீர்கள். நாலு மணிக்கு எழுவதையும் இன்றோடு நிறுத்துங்கள். சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு படிக்கிறவருக்கு அந்த நேரத்தில் தேவை தூக்கம்.

அழுகை வருவதற்குக் காரணம் எளிது. ‘நான் வெற்றியாளர்’ என்று கை எழுதும்போதே, ‘எங்கே? போன தடவையே வரவில்லையே’ என்று மனசு பதில் சொல்கிறது. 55 தடவை எழுதினால் அந்தப் பதிலும் 55 தடவை வரும். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-ல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். மணி அடிக்கும்போதெல்லாம் ‘நான் அன்புக்கு உரியவன்’ என்று சொல்லிக்கொள்ளச் சொன்னார்கள். தன்னைப் பற்றி ஏற்கனவே நல்ல எண்ணம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. தன்னம்பிக்கை குறைவாக இருந்தவர்கள், அப்படி எதுவும் சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். யாருக்கு உதவி தேவையோ அவர்களையே இது கீழே தள்ளுகிறது. இந்த விஷயத்தை எந்த வகுப்பிலும் சொல்ல மாட்டார்கள்.

சரி, அத்தை விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘எழுதினால் பலிக்கும்’ என்று விற்கிறவர்கள் உங்கள் அத்தையைத்தான் சாட்சிக்கு இழுப்பார்கள். ஸ்ரீராமஜெயம் எழுதுகிறவர் தன்னைப் பற்றி எதையும் அடித்துச் சொல்வதில்லை. ‘நான் பணக்காரி ஆகிவிட்டேன்’ என்று அவர் எழுதுவதில்லை, ஒரு பெயரை எழுதுகிறார். அதை மறுத்துப் பேச மனசுக்கு இடமே இல்லை. எண்ணி முடித்ததும் நோட்டை மூடிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறார், பலித்ததா என்று யாரும் அவரிடம் கேட்பதில்லை. மேலப்பாளையத்தில் தஸ்பீஹ் மணி உருட்டுகிறவருக்கும், பாளையங்கோட்டையில் ஜெபமாலை சொல்கிறவருக்கும் இதே கதைதான். உங்களுக்குப் பக்தி இருந்தால் அத்தையோடு உட்கார்ந்து தாராளமாக எழுதுங்கள், அதை நான் ஒருபோதும் நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் அதைத் தேர்வு முடிவோடு கட்டாதீர்கள். ‘இத்தனை எழுதினேன், வேலை வரவில்லையே’ என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் அந்த நிம்மதியும் போய்விடும்.

இனி, உங்களுக்கான வாக்கியம். எழுதியதைப் படிக்கும்போது உள்ளுக்குள் ‘பொய்’ என்று குரல் வரக் கூடாது. அந்தச் சோதனையில் தேறாத வாக்கியத்தை அடித்துவிடுங்கள். ‘கணக்கில் நான் புலி’ வேண்டாம். ‘எனக்குக் கணக்கு மெதுவாகத்தான் வரும், சதவீதக் கணக்கு இப்போது கொஞ்சம் வருகிறது’ என்பதை மனசு எதிர்க்காது. அப்புறம் அதோடு ஒரு செயலைச் சேருங்கள், எப்போது, எங்கே என்பதோடு: ‘பையனைப் பால்வாடியில் விட்டுவிட்டு வந்ததும், அடுப்படிக்குப் போகாமல், உட்கார்ந்து பத்துக் கணக்குப் போடுவேன்.’ தேர்வு அறைக்கும் ஒன்று: ‘முதல் கணக்கே புரியவில்லை என்றால், அதை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவேன்.’ இப்படி ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு செய்வதைப் பற்றி உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல வருடம் ஆராய்ந்தார். 2006-ல் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது நல்ல பலன் தெரிந்தது. பதற்றமான நேரத்தில் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை, அதுதான் லாபம்.

இன்னொன்று, வாரத்துக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டு, உங்களுக்கு வாழ்க்கையில் எது முக்கியம், ஏன் என்று எழுதுங்கள். பையனோ, அம்மாவோ, சொந்தச் சம்பளமோ, எதுவானாலும். அமெரிக்கப் பள்ளி ஒன்றில் இப்படி எழுத வைத்தபோது, ஒதுக்கப்பட்ட கறுப்பினப் பிள்ளைகளின் மதிப்பெண் ஏறியதாக 2006-ல் ஓர் ஆய்வு வந்தது. இதில் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

‘வேலை கிடைத்துவிட்டது’ என்று மட்டும் எழுதாதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. 2024 குரூப் 4-க்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. பிறகு கூட்டினார்கள், ஆனால் தேர்வு எழுதியவர்கள் 15 லட்சத்துக்கும் மேல். லட்சக்கணக்கான பிள்ளைகளை வருடக்கணக்கில் காக்க வைப்பது நம் ஏற்பாடு. தேறாதவளிடம் ‘உன் எண்ணம் சரியில்லை’ என்று அந்தப் பழியையும் இந்த வகுப்புக்காரர்கள் சுமத்துகிறார்கள். எனக்கு இதைத்தான் பொறுக்க முடியவில்லை. 200 கேள்வியில் திறனறிவுக் கணக்கு 25. அதில் எத்தனையைப் போட்டுப் பழகலாம் என்பது உங்கள் கையில் இருக்கிறது, வாக்கியம் அதைப் பற்றி இருக்கட்டும்.

21 நாள் கணக்கையும் நம்பாதீர்கள். முக அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழக ஏறக்குறைய அவ்வளவு நாளாவது ஆகிறது என்று ஓர் அமெரிக்க சர்ஜன் 1960-ல் எழுதியதை இழுத்து நீட்டிவிட்டார்கள். பழக்கம் படிவதை லண்டனில் அளந்து பார்த்தபோது சராசரி 66 நாள் வந்தது, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. ‘இல்லை என்ற சொல் ஆழ்மனதுக்குப் புரியாது’ என்பதும் கட்டுக்கதை. ‘பயப்பட மாட்டேன்’ என்று நான் எழுதச் சொல்லாததற்குக் காரணம் வேறு. அதைப் படித்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாது.

இந்த வியாபாரம் நடக்கிற விதத்தைக் கவனியுங்கள். பலித்தால் அவர்கள் வகுப்பு, பலிக்காவிட்டால் உங்கள் ஆழ்மனத் தடை. எந்தப் பக்கம் விழுந்தாலும் அடுத்த ரசீது தயார். கல்யாண மண்டபத்தில் நடத்தும் வகுப்பில் கைதட்டும் கூட்டத்தையும், வாட்ஸ்அப்பில் வரும் ‘எனக்கு நடந்தது’ படங்களையும் வைத்து முடிவு எடுக்காதீர்கள். யாராவது தோழி சேரச் சொன்னால், அவருக்கு அந்தப் பணத்தில் பங்கு உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். ‘மைண்ட் கோச்’ என்று பலகை மாட்ட எந்தப் படிப்பும் உரிமமும் தேவையில்லை. மருத்துவ உளவியலாளர் என்றால் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும், எண்ணைக் கேட்டால் சொல்வார்கள். சட்டம் இருக்கிறது, ஆனால் தெருவில் வந்து பலகையைச் சரிபார்க்க ஆள் இல்லை. அதனால் கேட்கிற வேலை உங்கள் தலையில் விழுகிறது. கட்டிய 4,999-க்கு ரசீதும் அவர்கள் கொடுத்த வாக்குறுதியின் ஸ்கிரீன்ஷாட்டும் இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம்.

கடைசியாக, அந்த அழுகை எழுதும்போது மட்டும்தானா? இரண்டு வாரமாக நாள் முழுக்க மனசு கனத்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டு, பையனைக்கூடக் கொஞ்சத் தோன்றவில்லை என்றால் எந்த வாக்கியமும் எழுத வேண்டாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, சீட்டுப் போட்டுக் காட்டுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் காத்திருக்காமல் 14416-க்குப் பேசுங்கள், ‘டெலி மானஸ்’ என்ற அரசு சேவை அது. தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள், காசு கிடையாது.