திருவாதிரை நட்சத்திரம் வெடித்தால் பகலிலேயே தெரியுமா, நமக்கு ஆபத்தா?

தெரியும். ஆபத்து இல்லை, அது 500 ஒளியாண்டுக்கு மேல் தள்ளி இருக்கிறது.

2019 கடைசியில் அது மங்கியபோது இதோ வெடிக்கப்போகிறது என்று ஊரே அண்ணாந்து பார்த்தது. பார்த்தால், அது கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி அதையே மறைத்திருக்கிறது!

சரி, ஏன் வெடிக்கும்? இவ்வளவு பெரிய நட்சத்திரம் ஹைட்ரஜனில் தொடங்கி ஒவ்வொரு தனிமமாக எரித்துக்கொண்டே போய், நடுவில் இரும்பு சேர்ந்ததும் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் இரும்பை இணைத்தால் ஆற்றல் கிடைக்காது, அப்புறம் தாங்கிப் பிடிக்க எதுவுமில்லாமல் மையம் ஒரே நொடிக்குள் இடிந்து விழ, அந்த அதிர்ச்சியில் வெளி அடுக்குகள் சிதறும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, முதலில் வந்து சேர்வது வெளிச்சமே இல்லை, நியூட்ரினோ என்ற, எதிலும் மோதாமல் ஊடுருவிப் போகும் குட்டித் துகள்கள். 1987-இல் பக்கத்துக் குட்டி விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தபோது ஜப்பானின் காமியோகாண்டே கருவியில் அவை பதிவாகிச் சில மணி நேரம் கழித்துத்தான் ஒளி வந்தது.

1054-இல் சீனர்கள் பார்த்த வெடிப்பு 23 நாள் பகலில் தெரிந்தது, அதன் மிச்சமான நண்டு நெபுலா என்ற வாயு மேகத்தை இன்றும் சின்ன டெலஸ்கோப்பில் பார்க்கலாம். திருவாதிரை அதைவிடப் பல மடங்கு பக்கம், பாதி நிலா அளவுக்கு ஒளிரலாம். எப்போது என்றால் ஒரு லட்சம் வருஷத்துக்குள் என்கிறார்கள், இப்போதே லீவு சொல்ல வேண்டாம்.